மாடி ஹாலில் டியூஷன் மறுபடி தொடங்குகிறோம்: புகை மருந்தா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

வைகைக்கரை
27 மார்ச் 2022

வணக்கம். மதுரையில் முதல் மாடியில் ஒரு வாடகை ஹாலில் 10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் மையம். கொரோனாவால் இரண்டு வருஷத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. மே மாதம் பொதுத்தேர்வு என்பதால் அடுத்த வாரத்திலிருந்து நேரடி வகுப்பு.

ஹாலின் அமைப்பு: நீளம் 30 அடி, அகலம் 16, உயரம் 10. தெருப்பக்கம் அகலச் சுவரில் கொசுவலை போட்ட இரண்டு ஜன்னல். எதிர்ப்பக்கம், அதாவது பின்சுவரில், மேலே இரண்டு வெண்டிலேட்டர். அடுக்குக் கண்ணாடி போட்டது, அதையும் யாரோ அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். பின்மூலையில் பாத்ரூம். மாடிப்படிக் கதவு நீளச் சுவரில், பின்சுவருக்குப் பக்கத்தில். மூன்று சீலிங் ஃபேன், ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி இரண்டு. ஒரு பேட்ச்சுக்கு 36 பிள்ளைகள், ஆசிரியர் ஒருவர்.

கையில் இருப்பது 15,000 ரூபாய். அதை எதில் போடுவது என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை. கட்டட உரிமையாளர் தினமும் புகை மருந்து (கிருமிநாசினிப் புகை) அடிக்கும் ஒப்பந்தம் போடச் சொல்கிறார். பெற்றோரில் ஒரு பகுதியினர் வாசலில் வெப்பமானி, கிருமிநாசினி ஸ்டாண்டு எல்லாம் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பகுதியினர், மார்ச் 31-ஓடு மத்திய அரசே கட்டுப்பாடுகளை முடிக்கிறது, இந்த வெயிலில் மாஸ்க்கும் வேண்டாம் என்கிறார்கள். எது உண்மையில் பயன்படும்? ஏசி போடலாமா? தண்ணீர்த் தொட்டியும் நாள்பட நின்ற தண்ணீரோடு இருக்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

——

குளிர்காற்று
27 மார்ச் 2022

பணம் முழுக்கக் காற்றுக்கே போகட்டும் சார். இந்த நோய் முக்கியமாக மூச்சுக் காற்றில், மூடிய அறையில் தேங்கி நிற்கும் நுண்துளிகள் வழியாகப் பரவுகிறது என்பதை 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது, நம் நாட்டு முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் அதே ஆண்டு மே மாதம் காற்றோட்டத்துக்கென்றே அறிவுரை வெளியிட்டது. நுண்துளிகள் போகும் தூரம் என்று அந்த அறிவுரை சொன்னது 10 மீட்டர் வரை. உங்கள் ஹாலின் மொத்த நீளமே 9 மீட்டர்தான். ஆக, பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார வைப்பது மட்டும் காப்பாற்றாது.

கணக்கு இப்படி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு ஒரு ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. உங்களிடம் 37 பேர், ஆக 370 லிட்டர். மணிக்கு 1,330 கன மீட்டர், கடைக்காரர் சிஎஃப்எம்மில், அதாவது நிமிஷத்துக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில் கேட்டால் ஏறக்குறைய 785. ஹாலின் கொள்ளளவு 4,800 கன அடி, அதாவது 136 கன மீட்டர். மணிக்குப் பத்துத் தடவை ஹாலின் காற்று முழுசாக மாறவேண்டும். வெறும் ஜன்னலைத் திறந்து வைப்பதால், காற்றே அசையாத பங்குனி மாலையில் இது நடக்காது. சீலிங் ஃபேனும் உதவாது. அது உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றை ஒரு துளி கூடக் கொண்டுவராது.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். அது தடையில்லாத வெட்டவெளியில் எடுத்த அளவு. ஷட்டர், கம்பி வலை, ஜன்னல் கொசுவலை எல்லாம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, பெட்டி அளவில் மணிக்கு 2,000 கன மீட்டர் வேண்டும். இதை ஒரே வேகமான ஃபேனில் எடுக்காதீர்கள். நிமிஷத்துக்கு 1,400 சுற்று ஓடும் ஃபேன் போடும் சத்தத்தில் கடைசி பெஞ்சுக்குப் பாடம் கேட்காது, பத்து நாளில் ஆசிரியரே அணைத்துவிடுவார். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட வகுப்பறைகளில் அது வீணாகப் போவதற்குச் சத்தமும் ஒரு காரணம். 12 அங்குலத்தில் 900 சுற்று ஓடுவது இரண்டு வாங்கி, பின்சுவரின் இரண்டு வெண்டிலேட்டரிலும் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். இரண்டிலும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் கட்டாயம். இல்லாவிட்டால், ஒன்றை மட்டும் ஓட்டும் நேரத்தில் மற்றதன் துளை வழியாகவே வெளிக்காற்று உள்ளே வந்து, அங்கிருந்தே வெளியேறிவிடும். தெருப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது.

மாடிப்படிக் கதவும் இதே தவறைச் செய்யும். கதவு பின்சுவருக்குப் பக்கத்தில் என்கிறீர்கள். அது திறந்திருந்தால் படிக்கட்டுக் காற்று நேராக ஃபேனுக்குப் போய்விடும். வகுப்பு நேரத்தில் சாத்தி வையுங்கள், தாழ்ப்பாள் மட்டும் போடவேண்டாம்.

ஜன்னல் அளவும் பாருங்கள். நொடிக்கு 0.37 கன மீட்டர் காற்று இரைச்சலில்லாமல் உள்ளே வர 4 சதுர அடித் திறப்பு வேண்டும். கொசுவலை, அதுவும் தூசி அடைத்த வலை, பாதியை மறைத்துவிடும். இரண்டு ஜன்னலும் சேர்ந்து 8 சதுர அடி திறந்திருந்தால் நல்லது. வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுவதே பாதி வேலை.

ஏசி விஷயம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுக்காது. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து ஏசி ஓடினால், 37 பேர் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு நிமிஷத்துக்கு 75 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்துக்கு 75 பங்கு) மேல் ஏறும். அது ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சு அறையில் தேங்குகிறது என்று பொருள். சந்து பொந்து வழியாக வரும் கொஞ்சக் காற்றைக் கழித்தாலும் அரை மணியில் 2,000 தாண்டும். எக்ஸாஸ்ட் ஓட ஓட ஏசியும் ஓடலாம், தப்பில்லை. ஆனால் வெளியே 36 டிகிரி இருக்கும்போது அந்தக் காற்றை 26-க்கு இறக்கவே ஒன்றே கால் டன் போய்விடும், ஈரப்பதம் தனி. மீதியில் 37 உடம்புச் சூட்டையும் கூரைச் சூட்டையும் தாங்கவேண்டும். அறை 28, 29-இல் நிற்கும், கரண்ட் பில் ஏறும். அதனால் வகுப்பைக் காலை 6 முதல் 8, மாலை 6-க்கு மேல் என்று மாற்றி, ஏசி இல்லாமல் ஃபேனோடு நடத்துவது மலிவு. முடிந்தால் 36-ஐ 18, 18 என்று பிரியுங்கள். தேவையான காற்று அப்படியே பாதியாகிவிடும். வேறு எந்தச் சாமானும் இவ்வளவு பலன் தராது.

——

தொட்டித்தண்ணீர்
28 மார்ச் 2022

புகை மருந்து வேண்டவே வேண்டாம். காற்றில் அடிக்கும் கிருமிநாசினி, அடிக்கும் நிமிஷத்தில் யாரும் இல்லாத அறையில் வேலை செய்கிறது. அரை மணி கழித்து உள்ளே வரும் பிள்ளை இருமினால் அதற்கு அங்கே பதில் இல்லை. மிஞ்சுவது எரிச்சல் மட்டுமே. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு அது நேரடித் தீங்கு. 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்ததை நாடே பார்த்துக் காப்பியடித்தது. அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் ஆட்கள் மீது தெளிக்காதீர்கள் என்றது, நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்ய உத்தரவிடும்படி அரசிடம் சொன்னது. பொருள்களைத் தொட்டு நோய் வரும் வாய்ப்பு, ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கணித்துச் சொன்னது. அந்த ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் காசு முழுக்க வீண்.

பெஞ்சு, கைப்பிடி, சுவிட்சு இதெல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் நாளுக்கு ஒரு தடவை துடைத்தால் போதும். கழிப்பறைக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசல். 30 சதவீத குளோரின் இருக்கும் பவுடர் 33 கிராம், தண்ணீர் 1 லிட்டர், கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அன்றன்றைக்குக் கரைத்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பை பிரித்து வைத்த பவுடர் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சீக்கிரம் வீரியம் இழக்கும். கட்டியாகி, வாசனையே வராத பவுடரை நம்பாதீர்கள். டாய்லெட் கழுவும் ஆசிடோடு இதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது மயக்கம் போட வைக்கும், சமயத்தில் அதற்கும் மேலே. வேலை செய்யும் அம்மாவிடம் இரண்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள்.

இனி தொட்டி. முதலில் நின்ற தண்ணீர் முழுவதையும் வாஷ் அவுட், அதாவது தொட்டியின் அடியில் உள்ள கழிவுத் திறப்பு வழியாக விடுங்கள், குழாய்கள் வழியாக விடவேண்டாம். அடிச்சகதி குழாய்க்குள் இறங்கினால் ஃபில்டரும் வால்வும் அடைத்துக்கொள்ளும். உள்சுவரைத் தேங்காய் நாரோ நைலான் பிரஷோ போட்டுத் தேயுங்கள், சோப்புத் தூள் வேண்டாம். கழுவி இறைத்த பின் தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 170 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணி வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு குழாயாகத் திறந்து குளோரின் வாசனை வரும்வரை விட்டு மூடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் முழுவதும் வெளியேற்றி, நல்ல தண்ணீர் நிரப்பி, வாசனை போகும்வரை குழாய்களை ஓடவிடுங்கள். இந்த ராத்திரித் தண்ணீரை யாரும் வாயில் வைக்காதபடி குழாய்களில் அட்டை கட்டி எழுதி வையுங்கள். அதன் பிறகு அன்றாடத்துக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதுமானது.

மோட்டார் நெடுநாள் ஓடாமல் இருந்தால் ஃபுட் வால்வ் (உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள வால்வு) வறண்டு பிடிப்பு விட்டிருக்கும், தண்ணீர் ஏறாமல் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரைமிங் செய்யாமல், அதாவது முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல், தொடர்ந்து ஓட்டினால் சீல் போய்விடும்.

எல்லாரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு. பாத்ரூம் தரையில் இருக்கும் நானி டிராப்பில் (தரை வடிகாலின் கிண்ணத்தில்) எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிய இடத்தில் அது காய்ந்துவிடும். அதோடு எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடினால் சாக்கடைக் காற்று உறிஞ்சப்பட்டு நேராக வகுப்புக்குள் வரும். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் பரவியதற்குக் காய்ந்த தரைவடிகாலும் பாத்ரூம் ஃபேனும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒவ்வொரு டிராப்பிலும், வாஷ் பேசினிலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான் செலவு.

வாசல் வெப்பமானி பற்றி ஒரு வரி: வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றியை அளந்தால் ஏறிக் காட்டும், ஏசி வண்டியில் வந்தவருக்கு இறங்கிக் காட்டும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றுப் பரவத் தொடங்குவதால், சரியாக அளந்தாலும் பலரைத் தவறவிடும். கைகழுவச் சோப்பும் ஓடும் தண்ணீரும் இருந்தால் கிருமிநாசினி ஒரு சின்ன பாட்டில் போதும். 5 லிட்டர் கேனாக வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைக்கும் பழக்கம் இப்போது எங்கும் இருக்கிறது. உள்ளே முக்கால் பங்கு ஆல்கஹால். ஒரே படிக்கட்டு உள்ள கட்டடத்தில் அது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்பதைக் கும்பகோணம் 2004 பள்ளித் தீ விபத்தை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. மெத்தனால் கலந்த போலிச் சரக்கும் விற்கிறது, லேபிளில் உரிம எண் இல்லாததைத் தொடாதீர்கள்.

——

வடிகட்டி
28 மார்ச் 2022

மாஸ்க் பற்றி. மார்ச் 31-ஓடு முடிவது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் போட்ட உத்தரவுகள். முகக்கவசம், கைச்சுத்தம் பற்றிய அறிவுரை தொடரும் என்று உள்துறைச் செயலரின் அதே கடிதத்திலேயே இருக்கிறது. "எல்லாம் முடிந்தது" என்று வாட்சப்பில் சுற்றுவது பாதி வாசிப்பு.

சட்டத்தை விட்டுவிட்டு, யார் போட்டால் அதிகப் பலன் என்று பாருங்கள். அறையில் இரண்டு மணி நேரம் உரத்துப் பேசுபவர் ஒருவர்தான், ஆசிரியர். குரல் உயர உயர வாயிலிருந்து வரும் நுண்துளிகளும் அதே அளவில் கூடும். 2021 மே மாதம் கலிபோர்னியாவில் மரின் மாவட்டப் பள்ளி ஒன்றில், தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் அறிகுறியோடு வந்து, மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சத்தமாக வாசித்தார். 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. முன்னிரண்டு வரிசைகளில் 10-இல் 8 பேர். பிள்ளைகள் மாஸ்க் போட்டிருந்தார்கள், ஜன்னல் திறந்திருந்தது, காற்று வடிகட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அவ்வளவு.

ஆகவே முதல் என்95 ஆசிரியருக்கு. பெட்டியில் ஐஎஸ் 9473 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண்ணும் எஃப்எஃப்பி2 என்ற தரமும் இருக்கிறதா பாருங்கள். தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை உள்ளதே முகத்தோடு ஒட்டும். காதில் மாட்டுவது கன்னத்தில் இடைவெளி விடும். வால்வு வைத்ததை வாங்காதீர்கள். அது போட்டவரைக் காக்கும், எதிரில் இருப்பவருக்கு அவருடைய மூச்சை அப்படியே விடும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் அதை வேண்டாம் என்று கடிதம் போட்டது. துவைக்கவோ கிருமிநாசினி தெளிக்கவோ கூடாது. இழைகளில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துளியைப் பிடிக்கிறது, ஆல்கஹாலும் சோப்பும் அதை அழித்துவிடும். ஐந்து மாஸ்க், ஐந்து காகிதப் பை, நாளுக்கு ஒன்றாகச் சுற்றில் விடுங்கள். பட்டை தளர்ந்தால் தூக்கிப்போடுங்கள்.

அதோடு ஆசிரியருக்கு ஒரு காலர் மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுங்கள். ஃபேன் சத்தத்துக்கு மேல் கத்தத் தேவையிருக்காது, மாஸ்க்கோடு பேசினாலும் கேட்கும். ஸ்பீக்கரை ஆசிரியருக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்தபடி வையுங்கள். பின்னால் வைத்தால் ஊளையிடும்.

பிள்ளைகளுக்கு அறுவை மாஸ்க், முகத்தோடு ஒட்டுமாறு. 50 நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே போய்க் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். ஹாலுக்குள் தின்பண்டம் கூடாது.

——

தெப்பக்குளம்
28 மார்ச் 2022

எல்லாம் சரி, ஆனால் பிள்ளைகளின் நிலையை யாரும் சொல்லவில்லையே. இந்த வருஷம் பன்னிரண்டாவது எழுதும் பிள்ளைகள் 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானவர்கள், 2021-இல் பதினொன்றாவதிலும் தேர்வே இல்லாமல் தேர்ச்சி. வாழ்க்கையில் முதல் பொதுத்தேர்வே இதுதான். அவர்களுக்கு ஆசிரியரின் முகம் தெரியவேண்டும், சந்தேகம் கேட்கும்போது குரல் தெளிவாக வரவேண்டும். ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேல் கோவாக்சின் போடுகிறார்கள், இந்த மாதம் 16-ஆம் தேதியிலிருந்து 12 வயதுப் பிள்ளைகளுக்கும் கோர்பிவேக்ஸ் வந்துவிட்டது. மாநிலம் முழுவதும் ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் கூட வரவில்லை. இன்னும் எத்தனை நாள் இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு வியர்த்து உட்காருவார்கள்?

காற்றுக்குச் செலவழிப்பதை நான் முழுசாக ஆதரிக்கிறேன், அது பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை. மாஸ்க் கட்டாயம் அப்படியில்லை.

இன்னொன்றும் பாருங்கள். நோயோடு வரும் பிள்ளையைத் தடுப்பதுதான் பெரிய விஷயம், அதை நம் மையங்களே கெடுக்கின்றன. முழு வருகைக்குப் பரிசு, தவறவிட்ட மாதிரித் தேர்வுக்குச் சுழியம், விடுப்பு எடுத்த நாளுக்கும் கட்டணம். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் பிள்ளை பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்துதான் உட்காரும். வருகைப் பரிசை எடுத்துவிடுங்கள். காய்ச்சலில் வராத பிள்ளைக்கு அதே வினாத்தாளை வீட்டுக்கு அனுப்பி எழுத வையுங்கள். ஆசிரியர் பாடத்தைப் போனிலாவது பதிவு செய்து குழுவில் போடட்டும்.

——

வடிகட்டி
28 மார்ச் 2022

மேடம், கடைசிப் பத்தியை அப்படியே அச்சடித்து ஒவ்வொரு மையத்திலும் ஒட்டவேண்டும். அதோடு ஒரு தெளிவான விதியும் இருக்கட்டும்: மாத்திரை போடாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் மட்டுமே வரலாம். பரிசோதனையில் உறுதியானால், ஜனவரியில் வந்த வீட்டுத் தனிமை விதிப்படி ஏழு நாள், அதிலும் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல்.

மாஸ்க்கில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். கட்டாயம் என்பது எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்கவேண்டும், நிரந்தரச் சீருடையாகிவிடக் கூடாது. ஆனால் இப்போதைய எண்ணிக்கையை மட்டும் வைத்து மே மாதத்தைச் சொல்லமுடியாது. டிசம்பரில் குறைந்திருந்தது, ஜனவரியில் ஒமிக்ரான் ஏறி, பள்ளிகளை மாத இறுதிவரை மூடினார்கள். தேர்வு வாரத்தில் காய்ச்சலோடு படுத்தால் அந்தப் பிள்ளைக்கு வருஷம் போய்விடும். அதனால் நான் சொல்வது: தேர்வு முடியும்வரை ஹாலுக்குள் போடட்டும், ஜூன் மாதம் பெற்றோரைக் கூட்டி மறுபடி முடிவெடுங்கள். வீட்டில் வயதானவரோ, டயாலிசிஸ், கீமோ எடுப்பவரோ இருக்கும் பிள்ளை அதற்குப் பிறகும் போட விரும்பினால் அதைக் கேலி செய்யாத சூழல் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஜன்னல் பக்கத்து இடம் கொடுங்கள்.

——

வைகைக்கரை
29 மார்ச் 2022

அனைவருக்கும் நன்றி. புகை மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாலை வகுப்பை 18 பேராகப் பிரிப்பதற்கு ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். காலை வகுப்பு 36 பேர்தான், வேறு நேரம் இல்லை. உரிமையாளர் சுவரை உடைக்க விடமாட்டேன் என்கிறார், வெண்டிலேட்டரை மட்டும் தொடலாமாம். அது அகலம் 2 அடி, உயரம் ஒன்றரை. ஃபேன் வேலை செய்கிறதா என்று பார்க்க நீங்கள் சொன்ன கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மீட்டர் வாங்கலாமா?

——

குளிர்காற்று
29 மார்ச் 2022

வெண்டிலேட்டரே போதும். அடுக்குக் கண்ணாடிகளை உருவி ஒரு பெட்டியில் பத்திரமாக வையுங்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம். சட்டத்தின் அளவுக்கு 12 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட் வெட்டி, நடுவில் ஃபேனின் வளையத்துக்குத் துளை. திருகு போட்டபின் நாலு பக்க இடுக்கையும் சிலிகான் போட்டு அடையுங்கள். இடுக்கு விட்டால் தள்ளிய காற்று அந்த வழியாகவே திரும்ப வரும். மாட்டும்முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக ஊதினால் ஒரு வாரத்தில் சண்டை வரும், அந்தச் சண்டையில் நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

இரண்டு ஃபேனுக்கும் தனித்தனிச் சுவிட்சு போடச் சொல்லுங்கள். மாலை 18 பேருக்கு ஒன்று போதும், காலையில் இரண்டும் ஓடவேண்டும். வகுப்புக்குப் பத்து நிமிஷம் முன்பே போட்டு, இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் அணைக்காமல் விடுங்கள்.

மாட்டியதும் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். தெரு ஜன்னலில் புகை உள்பக்கம் சாயவேண்டும், வெளியே போனால் ஃபேன் தலைகீழாக மாட்டியிருக்கிறது. பாத்ரூம் கதவின் அடி இடுக்கில் வைத்தால் புகை ஹாலுக்குள் வரும், ஏனென்றால் ஹாலில் அழுத்தம் குறைவு. அதைத் தடுக்க பாத்ரூமுக்குள் 6 அங்குலத்தில் தனி எக்ஸாஸ்ட் வைத்து வகுப்பு முழுக்க ஓடவிடுங்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங் போடுங்கள். மறுபடி பத்தி வைத்தால் புகை பாத்ரூமுக்குள் போகவேண்டும்.

மீட்டர் வாங்கலாம், என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து அளப்பது) உள்ளது மட்டும். மலிவு விலையில் வருவது பலதும் வேறு வாயுக்களை மோந்து ஒரு எண்ணைக் கற்பனையாகக் காட்டும். கண்டுபிடிக்க வழி: கிருமிநாசினியைக் கையில் தேய்த்துப் பக்கத்தில் கொண்டு போங்கள், எண் எகிறினால் அது பொய் மீட்டர். மொட்டை மாடியில் 420 அளவில் காட்டவேண்டும். பல மீட்டர்கள் தாமாகவே, வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடிய அறையிலேயே கிடந்தால் அது தவறாகக் குறைத்துக் காட்டத் தொடங்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரம் வைத்துவிடுங்கள்.

வகுப்பில் ஜன்னலுக்குப் பக்கத்திலும் வேண்டாம், யார் முகத்துக்கு நேராகவும் வேண்டாம். உட்கார்ந்த தலை உயரத்தில், ஹாலின் நடுச்சுவரில். 45 நிமிஷம் கழித்து 900-க்குள் இருந்தால் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் கிடைக்கிறது என்று கொள்ளலாம். 1,200 தாண்டினால் எங்கோ அடைப்பு. அநேகமாகக் கொசுவலை, இல்லாவிட்டால் யாரோ திறந்து வைத்த மாடிப்படிக் கதவு.

பிள்ளைகள் எல்லாரும் வெளியேறிய பிறகு ஃபேனை ஓடவிட்டு இறக்கத்தையும் பாருங்கள். 1,420 இருந்தது பத்து நிமிஷத்தில் 790 ஆனால், வெளிக்காற்றுக்கு மேலிருந்த 1,000-இல் 370 மிச்சம், அதாவது மணிக்கு ஆறு தடவை காற்று மாறுகிறது. அதே இறக்கம் ஆறு நிமிஷத்தில் நடந்தால் பத்து தடவை. இரண்டு ஃபேனும் ஓட, உங்கள் ஹாலுக்கு அந்த ஆறு நிமிஷம் வரவேண்டும்.

15,000-க்குள் இரண்டு ஃபேன், பாத்ரூம் ஃபேன், பிளைவுட், வயரிங் கூலி முதலில். அதற்கடுத்து மைக், ஆசிரியருக்கு மாஸ்க். மிச்சம் இருந்தால் மீட்டர். போதவில்லை என்றால் மீட்டரைப் பக்கத்து மையங்களோடு சேர்ந்து ஒன்றாக வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். ஒரு ஹாலுக்கு ஒரு வாரம் இருந்தாலே தெரியவேண்டியது தெரிந்துவிடும்.